காப்புரிமை யாரைக் காக்கிறது: ஸ்மார்ட்போன் வழக்குகள் சொல்வது என்ன?

கேள்வி இது: ஸ்மார்ட்போன் தயாரிப்பாளர்கள் ஒருவர்மேல் ஒருவர் காப்புரிமை வழக்குத் தொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இதனால் புதிய கண்டுபிடிப்புகளுக்குப் பாதுகாப்புக் கிடைக்கிறதா, அல்லது போட்டியாளரை வளரவிடாமல் அமுக்கத்தான் காப்புரிமை பயன்படுகிறதா?

இரண்டும் நடக்கிறது என்று சொல்லி நழுவிவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. கண்டுபிடித்தவருக்கு உரிய பணத்தை வாங்கித் தருவதில் காப்புரிமை நல்ல வேலை செய்திருக்கிறது என்பது என் கருத்து. அதே காப்புரிமையைக் காட்டி எதிராளியின் போனையே சந்தைக்கு வரவிடாமல் தடுக்க இடம் கிடைத்தபோதெல்லாம் அடிவாங்கியது போட்டி; கண்டுபிடிப்பு அதனால் வளர்ந்ததற்கு அடையாளம் காணோம். எந்தக் காப்புரிமை, அது யார் கையில் இருக்கிறது, அதை வைத்து அவர் எதைக் கேட்கிறார் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை. காப்புரிமை என்பது அரசு கண்டுபிடிப்பாளரோடு செய்துகொள்ளும் ஒரு பேரம். துறை அறிந்த எவரும் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு அவர் தன் நுட்பத்தை விளக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அவர் அனுமதியின்றி வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. மருந்துத் துறையில் இந்தப் பேரம் ஓரளவு நேரடியாக இருக்கும். ஒரு மாத்திரையின் மதிப்பு முழுவதும் ஒரு சில காப்புரிமைகளுக்குள் அடங்கிவிடும். ஸ்மார்ட்போன் கதை வேறு. ஒரு ஸ்மார்ட்போனைத் தொடக்கூடிய காப்புரிமைக் கோரிக்கைகள் 2,50,000 வரை இருக்கலாம் என்று கூகுளின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த டேவிட் டிரம்மண்ட் 2011இல் எழுதினார்; அவற்றில் பெரும்பாலானவை ஐயத்துக்குரியவை என்றும் சொன்னார். அவர் இந்தச் சண்டையில் ஒரு தரப்பு என்பதால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அத்தனையையும் படித்து முடித்துவிட்டுப் போன் செய்யத் தொடங்க யாராலும் முடியாது.

இந்தக் குவியலை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ரேடியோ நுட்பங்கள்: சிக்னலைக் குறியாக்குவது, பிழை திருத்துவது, ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு அழைப்பை மாற்றுவது போன்றவை. இரண்டு, திரையில் விரல் படும்போது நடப்பவை. மூன்று, போனின் வெளித்தோற்றம். முதல் வகைக்குப் பல ஆண்டு ஆய்வும் பெருஞ்செலவும் தேவை. மற்ற இரண்டிலும் நல்ல யோசனைகள் உண்டு என்றாலும், பலருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றக்கூடியவை அவற்றில் ஏராளம். சட்டமோ, வடிவமைப்புக்குச் சில தனி விதிகளை வைத்ததைத் தவிர, எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே தராசில் நிறுக்கிறது.

காப்புரிமையின் நல்ல பக்கத்துக்கு எனக்குப் பிடித்த சான்று வைஃபையின் கதையில் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ஜான் ஓ'சல்லிவன் என்ற ரேடியோ வானியலாளரும் அவரது குழுவினரும் 1990களின் தொடக்கத்தில் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். கட்டடத்துக்குள் ரேடியோ அலை அனுப்பினால் அது சுவரிலும் மேசையிலும் அலமாரியிலும் பட்டுத் தெறிக்கிறது. ஒரே செய்தி வெவ்வேறு வழியாகச் சற்று முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடுகிறது. வேகம் கூடக்கூடக் கலக்கமும் கூடும். ஓ'சல்லிவன் அதற்கு முன் விண்வெளியிலிருந்து வரக்கூடிய மிக மெல்லிய ரேடியோ துடிப்புகளைத் தேடியவர். சிதைந்த சிக்னலைக் கணக்கின் மூலம் தெளிவாக்கும் பழக்கம் அங்கே கைவந்திருந்தது. தரவை ஒரே வேகமான ஓடையாக அனுப்பாமல், பல அலைவரிசைகளில் மெதுவான பல ஓடைகளாகப் பிரித்து, பிழை திருத்தும் குறியீட்டோடு அனுப்பும் வழியைக் குழு வடிவமைத்தது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

வைஃபை உலகெங்கும் பரவியபோது பெரிய கணினி நிறுவனங்கள் உரிமம் வாங்க மறுத்தன. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு 2009இலும் 2012இலும் நடந்த சமரசங்களில் 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் அந்த அரசு நிறுவனத்துக்குக் கிடைத்தது. வைஃபை முழுவதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது மிகை. அதற்குப் பல பெற்றோர்கள் உண்டு. ஆனால் போன் தொழிற்சாலையோ கடையோ விளம்பரப் பணமோ இல்லாத ஓர் ஆய்வுக்கூடம், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களிடமிருந்து தன் உழைப்புக்குப் பணம் வாங்க முடிந்தது. காப்புரிமை இல்லாமல் இது நடந்திருக்காது. 2007இல் பஃபலோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வைஃபை கருவிகளுக்கு அமெரிக்காவில் வந்த தடையாணையைத் தவிர, பெரிய நிறுவனங்களின் கருவிகள் சந்தையிலிருந்து காணாமல்போகவும் இல்லை. காப்புரிமையே வேண்டாம் என்று வாதிடும் நண்பர்கள் இந்த வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

பல விரல் தொடுதிரைக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. டெலவேர் பல்கலைக்கழக ஆய்வாளர் வெய்ன் வெஸ்டர்மனும் அவரது பேராசிரியர் ஜான் எலியஸும் தொடங்கிய ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனம், விரல் அசைவுகளைப் புரிந்துகொள்ளும் தொடுபரப்புகளைச் செய்துவந்தது. 2005இல் ஆப்பிள் அதை வாங்கியது. ஐபோன் வந்தது 2007இல். ஒரு சிறிய நிறுவனத்தின் நுட்பத்தைப் பெரிய நிறுவனம் பார்த்துக் காப்பியடித்துக்கொள்ளாமல் விலை கொடுத்து வாங்கியதில், அவர்கள் கையில் இருந்த காப்புரிமைகளுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இனி மறுபக்கம். ஐபோனை 2007 ஜனவரியில் அறிமுகப்படுத்திய மேடையிலேயே ஸ்டீவ் ஜாப்ஸ், இதற்காக 200க்கும் மேற்பட்ட காப்புரிமைகளுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் அவற்றைக் காக்கப் போவதாகவும் அறிவித்தார். அதன் பொருள் என்ன என்பதைத் தைவான் நிறுவனமான எச்டிசி சில ஆண்டுகளில் அறிந்துகொண்டது.

உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியில் ஒரு தொலைபேசி எண் இருந்தால் அதன் கீழே கோடு விழும். தொட்டால் அழைக்கவோ சேமித்துக்கொள்ளவோ வழிகாட்டும். ஆப்பிள் 1996இல் விண்ணப்பித்த காப்புரிமை ஒன்று ஏறத்தாழ இதைப் பற்றியது. பொத்தான் போன்களே புதுமையாக இருந்த, தொடுதிரை போன் மிக அரிதாக இருந்த காலம் அது. அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையம் 2011 டிசம்பரில், எச்டிசி இந்தக் காப்புரிமையை மீறியதாக முடிவுசெய்து, 2012 ஏப்ரல் முதல் இறக்குமதித் தடை விதித்தது. இந்த ஆணையம் இழப்பீடு எதுவும் வழங்காது. அதன் கையில் உள்ள முக்கிய ஆயுதம் பொருளை நாட்டுக்குள் விடாமல் நிறுத்துவதுதான். மே மாதம் எச்டிசியின் புதிய மாடல்களான ஒன் எக்ஸ், ஈவோ 4ஜி எல்டிஇ ஆகியவை சுங்கச் சோதனையில் நின்றன. மென்பொருளை மாற்றிவிட்டோம் என்று நிறுவனம் சொன்னது. அதைச் சுங்க அதிகாரிகள் சரிபார்க்கும்வரை சரக்கு நகரவில்லை.

2011இன் மூன்றாம் காலாண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாக ஸ்மார்ட்போன் விற்ற நிறுவனம் எச்டிசிதான் என்று ஆய்வு நிறுவனமான கேனலிஸ் கணக்கிட்டிருந்தது. அந்த நிறுவனம் பிறகு சரிந்ததற்கு இந்த ஒரு தடையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. சாம்சங்கின் விளம்பர பலமும், எச்டிசியின் சொந்தத் தவறுகளும் உண்டு. ஆனால் கேமரா, திரை, சிப், ரேடியோ, பேட்டரி என்று எல்லாம் சேர்ந்த ஒரு போன், எண்ணின் கீழ் விழும் ஒரு கோட்டுக்காக விற்பனையின் முதல் வாரங்களில் கிடங்கில் முடங்குவதில் எந்த அளவுப் பொருத்தமும் இல்லை. ஸ்மார்ட்போன் சந்தையில் ஒரு மாடலின் ஆயுள் மிகக் குறைவு. அந்த முதல் வாரங்கள் திரும்பி வருவதில்லை. 2012 நவம்பரில் இரு நிறுவனங்களும் பத்தாண்டு உரிம ஒப்பந்தம் செய்துகொண்டன. முதலிலேயே ஒரு தொகை பேசி முடித்திருக்கக்கூடிய விவகாரம் அது.

விரலால் இழுத்துப் பூட்டைத் திறக்கும் வசதியின் கதை இன்னும் விசித்திரமானது. ஐபோனுக்கு முன்பே ஸ்வீடன் நிறுவனமான நியோநோட், திரையில் விரலை இழுத்துத் திறக்கும் ஒரு போனை வெளியிட்டிருந்தது. இதைச் சுட்டிக்காட்டி இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2012இல் ஆப்பிளின் காப்புரிமை செல்லாது என்றது. ஜெர்மனியின் உச்ச நிலையிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2015இல் அதே முடிவுக்கு வந்தது. அமெரிக்காவிலோ, சாம்சங் இதையும் வேறு இரண்டு காப்புரிமைகளையும் மீறியதாக 2014இல் ஜூரி 11.96 கோடி டாலர் விதித்தது. 2016 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதை ரத்துசெய்தார்கள். அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, ஜூரியின் முடிவே செல்லும் என்று உறுதிசெய்தது. ஒரே விரலசைவு ஒரு கண்டத்தில் ஏற்கெனவே தெரிந்த சங்கதி, இன்னொரு கண்டத்தில் பல கோடி டாலர் சொத்து. எல்லை எங்கே போகிறது என்று நீதிபதிகளே ஒத்துக்கொள்ள முடியாத ஒரு வேலியை மதித்து நடக்கும்படி ஒரு பொறியாளரிடம் எப்படிச் சொல்வது?

ஆப்பிள், சாம்சங் இடையிலான முதல் பெரிய வழக்கைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முழுமையாகாது. இதில் ஆப்பிளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐபோனையும் தங்கள் கேலக்ஸியையும் திரைக்குத் திரை ஒப்பிட்டு, எங்கெங்கே ஐபோன் மேலாக இருக்கிறது, தாங்கள் எதைச் சீர்திருத்த வேண்டும் என்று சாம்சங் தயாரித்த 132 பக்க உள் ஆவணம் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. போட்டியாளரின் பொருளைப் பிரித்துப் பார்ப்பது எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் அந்த ஆவணத்தின் நெருக்கமான ஒப்பீடு, சாம்சங் எதைப் பார்த்து எதைச் செய்தது என்பதில் ஜூரிக்கு அதிக ஐயம் விட்டிருக்காது. 2012 ஆகஸ்டில் அவர்கள் விதித்த தொகை சுமார் 105 கோடி டாலர்.

தொகையின் பெரும்பகுதி வடிவமைப்புக் காப்புரிமையிலிருந்து வந்தது: வட்ட முனைகள் கொண்ட முன்முகம், வண்ணச் சின்னங்களின் வரிசை. அமெரிக்கச் சட்டப்படி வடிவமைப்புக் காப்புரிமையை மீறியவர் அந்தப் பொருளில் ஈட்டிய மொத்த லாபத்தையும் கொடுக்க வேண்டும். இந்த விதியின் வேர் 1887ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. கம்பளத்தின் பூவேலைப்பாட்டைக் களவாடியவர்களுக்கு உச்ச நீதிமன்றம் ஆறு சென்ட் மட்டுமே விதித்ததால், அதைச் சரிசெய்ய எழுந்தது அந்தச் சட்டம். கம்பளத்தை வாங்குகிறவர் அதன் பூவேலைக்காகவே வாங்குகிறார் என்பது சரி. போனை வாங்குகிறவர் முனையின் வளைவுக்காக மட்டும் வாங்குவதில்லை. இதே வாதம் உச்ச நீதிமன்றம்வரை போனது. லாபத்தை முழுப் பொருளுக்குத்தான் கணக்கிட வேண்டும் என்பதில்லை, அதன் ஒரு பகுதிக்கும் கணக்கிடலாம் என்று 2016 டிசம்பரில் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தப் பகுதி எது என்பதை எப்படி முடிவுசெய்வது என்று மட்டும் சொல்லவில்லை. 2018 மே மாதம் புதிய ஜூரி கணக்கிட்டது 53.9 கோடி டாலர். அடுத்த மாதமே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. 2011இல் தொடுத்த வழக்கு அது. அது முடிந்தபோது சர்ச்சைக்குரிய போன்களை யாரும் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

தடை வந்தால் மாற்றுவழி தேடுவார்கள், அதுவே புதுமைக்கு வித்து என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பட்டியலின் முடிவுக்கு வந்ததும் திரை மெல்லத் துள்ளித் திரும்பும் அசைவு ஆப்பிளின் காப்புரிமைகளில் ஒன்று. சாம்சங் அதை விட்டுவிட்டு, முடிவு வந்ததும் ஓரத்தில் நீல ஒளி படரும்படி செய்தது. வேலை நடந்தது, யாரும் வருந்தவில்லை. ஆனால் திறமையான பொறியாளர்களின் நேரம் பயனருக்கு எந்த நன்மையும் இல்லாத இப்படிப்பட்ட மாற்றங்களில் கழிவதைப் புதுமை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

வழக்குகள் வெளியே தெரிபவை. அவற்றுக்குப் பின்னால் நடந்த கொள்முதல் இன்னும் பெரிது. கனடாவின் நார்டெல் நிறுவனம் திவாலானபோது அதன் சுமார் 6,000 காப்புரிமைகள் 2011இல் ஏலத்துக்கு வந்தன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், எரிக்சன், சோனி, பிளாக்பெர்ரியின் தாய் நிறுவனம் உள்ளிட்ட கூட்டணி 450 கோடி டாலருக்கு அவற்றை எடுத்தது. தோற்ற கூகுள், சில வாரங்களில் மோட்டரோலா மொபிலிட்டியை 1,250 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது; அதன் 17,000 காப்புரிமைகள்தான் முதன்மையான ஈர்ப்பு. 2014இல் போன் தொழிலை லெனோவோவுக்கு 291 கோடி டாலருக்கு விற்க முடிவானபோது, பெரும்பாலான காப்புரிமைகளைக் கூகுள் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2011ஆம் ஆண்டில் ஆப்பிளும் கூகுளும் காப்புரிமை வழக்குகளுக்கும் கொள்முதலுக்கும் செலவிட்ட தொகை, புதிய பொருள்களுக்கான ஆய்வுச் செலவை விஞ்சியது என்று நியூயார்க் டைம்ஸ் அடுத்த ஆண்டு எழுதியது. கண்டுபிடிப்பை ஊக்குவிக்க ஏற்பட்ட அமைப்பு, கண்டுபிடிப்புக்கு ஒதுக்கியிருக்கக்கூடிய பணத்தையே விழுங்கிய ஆண்டு அது. எனக்கு இதைவிட வருத்தம் தந்த செய்தி இந்தத் துறையில் குறைவு.

இப்படிக் குவித்து வைப்பதில் பெரிய நிறுவனங்களுக்கு ஓர் அமைதி கிடைக்கிறது. நீ என்மேல் வழக்குப் போட்டால் நானும் போடுவேன் என்ற நிலையில் இருவரும் உரிமங்களை மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். புதிதாக வருபவரிடம் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அவர் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் முழுவடிவில் தெரிவது தரநிலைக் காப்புரிமைகளில். 4ஜி, 5ஜி போன்றவை எல்லாப் போன்களும் ஒரே மொழியில் பேசுவதற்கான விதித்தொகுப்புகள். எரிக்சன், நோக்கியா, குவால்காம், ஹுவாவே போன்றவை தங்கள் நுட்பங்களை அதற்குள் கொடுக்கின்றன. நியாயமான, பாரபட்சமற்ற நிபந்தனையில் எல்லோருக்கும் உரிமம் தருவோம் என்று வாக்களிக்கின்றன. இந்த ஏற்பாடு இல்லாமல் செல்பேசி உலகம் உருவாகியே இருக்காது. நான் இதை மனமார மதிக்கிறேன். சிக்கல், நியாயம் என்றால் எவ்வளவு என்பதில். வைஃபை, காணொளிச் சுருக்கம் ஆகிய தரநிலைகளில் தனக்கிருந்த காப்புரிமைகளுக்கு மைக்ரோசாஃப்ட் தன் பொருள்களின் விலையில் 2.25 சதவீதம் தர வேண்டும் என்று மோட்டரோலா கேட்டது. ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் ஆகும். சியாட்டில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் 2013இல் ஒவ்வொரு காப்புரிமையின் பங்கையும் அலசிப் பார்த்து நிர்ணயித்தது, ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டாலர். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. வழக்குச் செலவைத் தாங்கக்கூடிய நிறுவனம் என்பதால் மைக்ரோசாஃப்ட் அதுவரை போய்ப் பார்க்க முடிந்தது.

குவால்காம் இதில் தனி அத்தியாயம். சிப்பும் விற்கிறது, காப்புரிமைக்கும் வசூலிக்கிறது. உரிமம் வாங்காதவருக்குச் சிப் கிடையாது என்பது அதன் கொள்கை. ராயல்டி சிப்பின் விலையில் கணக்கிடப்படுவதில்லை, முழுப் போனின் விலையில் கணக்கிடப்படுகிறது. அதாவது நீங்கள் நல்ல கேமராவுக்கோ கூடுதல் நினைவகத்துக்கோ கொடுக்கும் காசிலும் ரேடியோ காப்புரிமைக்காரருக்குப் பங்கு. 2015இல் சீனா 97.5 கோடி டாலர் அபராதம் விதித்தது; 2016இல் தென் கொரியா 1.03 லட்சம் கோடி வோன் விதித்தது. அமெரிக்காவில் நீதிபதி லூசி கோ 2019இல் இந்த நடைமுறை போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்றார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, கடுமையாகப் போட்டியிடுவது சட்டவிரோதம் ஆகாது என்றது. என் பார்வையில் கோ சொன்னதே சரி. 3ஜி, 4ஜி நுட்பங்களில் குவால்காமின் பங்களிப்பு மறுக்க முடியாதது. அதற்குப் பணம் தரத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு என்று பேரம் பேசும் இடத்தில், ஒத்துக்கொள்ளாவிட்டால் சிப் வராது என்ற கத்தி மேசையில் இருந்தால் அதைப் பேரம் என்று எப்படிச் சொல்வது?

தொகைகள் எந்த அளவுக்குப் போகும்? 5ஜிக்கு எரிக்சன் வெளியிட்ட விகிதம் உயர்விலைப் போனுக்கு 5 டாலர், நோக்கியா 3 யூரோ, ஹுவாவே அதிகபட்சம் 2.50 டாலர். குவால்காம் பல தலைமுறை நுட்பங்கள் சேர்ந்த போனுக்கு 3.25 சதவீதம் கேட்கிறது. போனின் விலை 400 டாலரைத் தாண்டினாலும் கணக்கு 400 டாலரோடு நிற்கும். இவர்களைத் தவிர இன்னும் பலர் வரிசையில் இருக்கிறார்கள். அறிவிக்கப்பட்ட விகிதங்களையெல்லாம் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல், 400 டாலர் போனில் 120 டாலர் ராயல்டிக்கே போகக்கூடும் என்றது. உண்மையில் வசூலான தொகையை எண்ணிய பொருளியலாளர்கள், போன் விலையில் சில சதவீதம்தான் என்றார்கள். இரண்டும் பொய்யில்லை. அறிவித்த விகிதத்தை முழுதாக யாரும் கொடுப்பதில்லை. பதிலுக்குக் கொடுக்கக் காப்புரிமை உள்ளவர்களும், வழக்கறிஞர் படை உள்ளவர்களும் பேசிக் குறைத்துக்கொள்கிறார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஒப்பந்த ரகசியம். புதிய, சிறிய தயாரிப்பாளர் பக்கத்துக் கடைக்காரர் என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரியாமலே விலை பேச வேண்டியிருக்கிறது.

பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள். 2014 டிசம்பரில், இந்தியாவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த ஷாவ்மியின் விற்பனையை, எரிக்சன் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும், ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் கட்டிவைத்து விற்க இடைக்கால அனுமதி தந்தது. இந்த இடைக்கால ஏற்பாடு நல்ல முன்மாதிரி என்பேன்: பணம் நீதிமன்றத்தில் பத்திரமாக இருக்கிறது, போனும் சந்தையில் இருக்கிறது. ஜெர்மனியில் நடந்தது வேறு. நோக்கியா 2022இல் மன்ஹைம், மியூனிக் நீதிமன்றங்களில் தடையாணை பெற்றதும் ஒப்போவும் ஒன்பிளஸும் அந்த நாட்டில் விற்பனையை நிறுத்தின. 2024 ஜனவரியில் உலகளாவிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை, ஐரோப்பாவின் மிகப் பெரிய பொருளாதாரத்தில் வாங்குபவருக்கு இரண்டு பிராண்டுகள் குறைவு.

இத்தனைக்கும் பிறகு போட்டி செத்துவிட்டதா என்றால், இல்லை. இதே காலத்தில்தான் ஷாவ்மி, ஒப்போ, விவோ போன்றவை உலகின் முன்னணி வரிசைக்கு வந்தன. ஒரு காலத்தில் ராயல்டி கொடுப்பவராக மட்டுமே இருந்த ஹுவாவே, இன்று வசூலிப்பவர் பட்டியலில் இருக்கிறது. ஆப்பிள் 2019இல், போனைச் செல்பேசிக் கோபுரத்தோடு இணைக்கும் மோடம் சிப்பைச் செய்த இன்டெலின் பிரிவை 100 கோடி டாலருக்கு வாங்கி, 2025இல் ஐபோன் 16இ மாடலில் தன் சொந்த மோடத்தை வைத்தது. காப்புரிமைச் சுவர் ஏற முடியாத சுவர் அன்று. ஆனால் ஏறியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மிகப் பெரிய உள்நாட்டுச் சந்தையின் துணை உள்ளவர்கள், அல்லது உலகின் பணக்கார நிறுவனங்கள். மற்ற நாடுகளில் நல்ல யோசனையோடு தொடங்கிய சிறு தயாரிப்பாளர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சொந்த மோடம் செய்த பிறகும் தரநிலை ராயல்டி நிற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இது ஸ்மார்ட்போனோடு பிறந்த நோயும் இல்லை. 1850களில் தையல் இயந்திரத்தின் ஊசி, துணி நகர்த்தி, தையல் முறை ஆகியவை வெவ்வேறு ஆட்களின் காப்புரிமையில் சிக்கி, எல்லோரும் எல்லோர்மேலும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1856இல் எலியாஸ் ஹோவும் சிங்கர் உள்ளிட்ட மூன்று நிறுவனங்களும் காப்புரிமைகளை ஒரே தொகுப்பாக்கி, ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவு என்று உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். தையல் இயந்திரம் பெருமளவில் வீடுகளுக்குள் வந்தது அதன் பிறகுதான். விமானத்தில் ரைட் சகோதரர்களின் தரப்பும் அவர்களின் போட்டியாளரான கிளென் கர்ட்டிஸின் தரப்பும் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். முதல் உலகப் போரில் விமானம் அவசரமாகத் தேவைப்பட்ட 1917இல் அமெரிக்க அரசு தலையிட்டுத் தொகுப்பை ஏற்படுத்தியது. இரண்டு இடங்களிலும் கண்டுபிடித்தவருக்குப் பணம் போனது, பொருளும் வெளிவந்தது.

ஸ்மார்ட்போன் துறையிலும் சில திருத்தங்கள் பலன் தந்திருக்கின்றன. போன் எதுவும் செய்யாத என்டிபி என்ற நிறுவனத்துக்கு, சேவையே நின்றுவிடும் என்ற அச்சத்தில் பிளாக்பெர்ரி தயாரிப்பாளர்கள் 2006 மார்ச்சில் 61.25 கோடி டாலர் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில், ஈபே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காப்புரிமை மீறப்பட்டது என்பதற்காகவே தடையாணை தானாக வந்துவிடாது என்று சொன்னது. 2012 முதல் ஐயத்துக்குரிய காப்புரிமைகளைக் காப்புரிமை அலுவலகத்திலேயே குறைந்த செலவில் எதிர்க்க வழி வந்தது. 2014இல் ஆலிஸ் வழக்கின் தீர்ப்பு, பழைய யோசனையைக் கணினியில் செய்வதை மட்டும் வைத்துக் காப்புரிமை கேட்பதற்கு முட்டுக்கட்டை போட்டது. விரலசைவுக் காப்புரிமைகளை வைத்து நடந்த போர்கள் ஓய்ந்ததில் இவற்றுக்கெல்லாம் பங்கு உண்டு. இந்தத் திருத்தங்களுக்கு ஒரு விலையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது: தடையாணை பயம் போனால், வழக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பெரிய நிறுவனங்கள் சிறியவர்களின் நுட்பத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. பட்ட பாடு அதுதான். அதனால் இழப்பீடு கண்டிப்பாகவும் விரைவாகவும் கிடைக்க வேண்டும், தெரிந்தே எடுத்தவருக்குக் கூடுதலாகவும் விழ வேண்டும்.

தரநிலைக் காப்புரிமையில் மிச்சமிருக்கும் வேலை பெரிது. ஐரோப்பிய ஆணையம் 2023 ஏப்ரலில் ஒரு வரைவு கொண்டுவந்தது. தரநிலைக்கு உண்மையிலேயே இன்றியமையாத காப்புரிமைகள் எவை என்று பதிவேடு வைப்பது, அவற்றில் சிலவற்றைச் சோதித்துப் பார்ப்பது, ஒரு தரநிலைக்கு மொத்த ராயல்டி எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வது, வழக்குக்கு முன் நியாய விலையை நிர்ணயிக்க ஒரு நடைமுறை ஆகியவை அதில் இருந்தன. சிறிய தயாரிப்பாளர் இருட்டில் விலை பேசும் நிலைக்கு அது ஓரளவு விளக்கேற்றியிருக்கும். காப்புரிமை உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு தென்படவில்லை. 2025 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெறுவதாக ஆணையம் அறிவித்தது. அந்த முடிவு தவறு என்று நினைக்கிறேன். வரைவில் குறைகள் இருந்தால் திருத்தியிருக்கலாம்; பதிவேட்டையும் மொத்த விலை அறிவிப்பையும் மட்டுமாவது தனியாக எடுத்து மீண்டும் கொண்டுவர வேண்டும்.